யானைக்குப் பக்கத்தில், பதினொன்றரை மணிக்கு

அந்தப் பூங்காவுக்கு நாங்கள் குடும்பத்தோடு போனது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரமும் நான் தினம் போய்வந்துகொண்டிருந்தேன். சைதாப்பேட்டையில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, யாரோ அப்பாவிடம் கொடுத்திருந்த விளம்பரத் தாளை விரித்து, அதிலிருந்த வரைபடத்தின் மேல் விரலை ஓட்டினால் போதும். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பி அடங்கும்போது ராட்டினங்கள் நிஜமாகவே அசையும். எனக்கு அப்போது ஒன்பது வயது. தலைகீழாகச் சுற்றும் ரயில் எங்கே, அலைக் குளம் எங்கே, இரண்டுக்கும் நடுவில் எத்தனை மரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பூங்காவைச் சுற்றி ஒரு நீலக் கோடு வளைந்து வளைந்து போகும். அது படகு போகும் வாய்க்கால். விரல் அந்தக் கோட்டுக்கு வந்ததும் எனக்குக் கண் சொக்கிவிடும். பல மத்தியானங்களில் அப்படியே தாளின் மேல் தூங்கியிருக்கிறேன்.

அப்பா கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க மனுவும் ஒப்பந்தமும் அடித்த கை. பூங்காவுக்குப் போகும் திட்டத்தையும் அவர் அப்படித்தான் அடித்துக்கொண்டு வந்தார். 'காலை 9.30 மணி: மேற்படி பூங்காவின் பிரதான வாசலை அடைதல்' என்று ஆரம்பித்து வரிசை எண்ணோடு பதினான்கு அம்சங்கள். அதில் ஆறாவது, 'முற்பகல் 11.30 மணி: யானைச் சிலை அருகே குடும்பத்தினர் அனைவரும் கூடி ஐஸ்கிரீம் உண்ணல்.' கீழே கையெழுத்துக்கு இடம் விடாதது ஒன்றுதான் குறை.

இத்தனை ஏற்பாடும் எனக்காக என்றே நான் நம்பினேன். உண்மையில் அது சித்திக்காக.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளரை உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரலை விட்டுச் சரிபார்ப்பாள். அவளை அதுவரை ஏழு முறை பெண் பார்க்க வந்திருந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் எனக்குப் பிடித்த விஷயங்கள் ஆகையால் ஏழும் எனக்கு நினைவிருக்கிறது. ஏழாவது கூட்டம் படியிறங்கிப் போன பிறகு சித்தி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனிமே எவன் முன்னாடியும் நான் தட்டு தூக்கினு வரமாட்டேன்க்கா. அவங்க பாக்குறதும், நான் தரையப் பாக்குறதும், போதும்" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. அம்மாதான் அழுதாள். தாயில்லாத தங்கையைக் கரையேற்றிவிட வேண்டும் என்பது அம்மாவுக்கு மூச்சு மாதிரி.

அப்போதுதான் கே.கே. நகரிலிருந்து எட்டாவது வரன் வந்தது. ஜாதகம் அப்படிப் பொருந்தியதாம். விட மனசில்லை, சித்தியிடம் சொல்லவும் தைரியமில்லை. ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தற்செயலுக்கு ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் குடும்பமும் அதே ஞாயிற்றுக்கிழமை அதே பூங்காவுக்கு வரும். யானைக்குப் பக்கத்தில், பதினொன்றரை மணிக்கு, இரண்டு குடும்பமும் எதிர்பாராமல் சந்தித்துக்கொள்ளும். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிடுவார். இது எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து, அம்மா வாயால்.

என்னிடம் அன்று அம்மா சொன்னது இவ்வளவுதான். "பதினோரு மணிக்கு நானும் அப்பாவும் முன்னாடி போய் எடம் புடிக்கிறோம். நீ சித்திய பதினொன்றரைக்கு யானைகிட்ட இட்டுனு வந்துடணும். கரெக்டா வந்தியினா ரயில்ல இன்னொரு வாட்டி போலாம்." சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினாள். கடைசி ஓட்டையில் மாட்டியும் அது முழங்கை வரை போய்ப்போய் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவுக்குத் திட்டம் போடத் தெரியும், மறைக்கத் தெரியாது. காலையில் சித்திக்கு அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்துவைத்தாள். தலைக்கு இரண்டு முழம் மல்லிகை.

"தண்ணியில ஆடப் போறதுக்கு இன்னாத்துக்குக்கா பட்டுச் சேல?" என்றாள் சித்தி.

"சும்மா கட்டிக்கோடி. போட்டோ எடுத்தா நல்லாருக்கும்."

அப்பா அடித்த தாளைச் சித்தி எடுத்துப் படித்தாள். ஆறாவது அம்சத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு வீசிங் வரும் என்று வருஷம் முழுக்க ஐஸ்கிரீமைக் கண்ணில் காட்டாத வீடு அது. சித்தி தாளை மடித்து வைத்தாள். சேலையைக் கட்டிக்கொண்டாள், பூவையும் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் தனக்குள்ளே ஏதோ சிரித்துக்கொண்டு வந்தாள்.

பூங்காவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். என் தாளில் அத்தனை அமைதியாக இருந்த இடம் இப்படிக் கத்தும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ரயிலுக்கு ஒரு மணி நேரம் நின்று ஒரு முறை போனோம். பதினோரு மணிக்கு அம்மாவும் அப்பாவும், "நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, யானை இருக்கும் பக்கம் விடுவிடு என்று நடந்தார்கள். அப்பா போகும்போது தலையை வாரிக்கொண்டார்.

அவர்கள் மறைந்ததும் சித்தி என்னிடம் குனிந்து, "உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. இங்க கூட்டமே இல்லாம, ரொம்ப மெதுவா போறது எது?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் படித்தவளிடம் படித்த கேள்வியையே கேட்டால் என்ன ஆகும்? யானையும் கடிகாரமும் எனக்கு மறந்தே போயின. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படகுத் துறையில் நிறுத்தினேன். அங்கே ஈ காக்கை இல்லை. காசு கொடுத்து வந்தவர்களெல்லாம் அலற வந்திருந்தார்கள். மிதக்க யாரும் வரவில்லை. படகுக்காரர் சந்தோஷமாகக் கயிற்றை அவிழ்த்தார். "எறங்கணும்னு தோணுற வரைக்கும் சுத்தினே இருங்கம்மா. யாரு கேக்கப் போறா?"

அந்த வாய்க்காலை எப்படிச் சொல்வது? துடுப்பு கிடையாது, பச்சைத் தண்ணீரே படகைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் அடர்ந்த மூங்கில். படகு போகிறதா கரை போகிறதா என்று தெரியாது. கூச்சலெல்லாம் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்டது. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். தரையில் படுத்து விரல் ஓட்டிய நீலக் கோட்டுக்குள் நானே புகுந்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீரின் வாசனை வரும்.

பாதி சுற்றில் மூங்கில் கொஞ்சம் விலகியது. அந்த இடுக்கு வழியாக யானை தெரிந்தது. சிமெண்ட் யானை, தும்பிக்கையிலிருந்து அவ்வப்போது தண்ணீர் பீய்ச்சும். அதன் காலடியில் அம்மாவும் அப்பாவும். எதிரே பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், குடையோடு ஒரு பெரியவர், முழுக்கைச் சட்டையை இஸ்திரி கலையாமல் உள்ளே விட்டுக்கொண்டு ஒருவர். "அடடே, நீங்களா!" என்று அப்பா நெற்றியில் அடித்துக்கொள்வதை நாங்கள் பார்த்தோம். அத்தனை மோசமான நடிப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. முழுக்கைச் சட்டைக்காரர் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் கப் வைத்திருந்தார். ஒன்றைச் சாப்பிடவும் இல்லை, இன்னொன்றை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மூங்கில் மூடிக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் கடிகாரம் ஞாபகம் வந்தது. பதினொன்று முப்பத்தைந்து. "சித்தி, அம்மா திட்டும்" என்றேன். "இன்னும் ஒரு சுத்து" என்றாள்.

இரண்டாவது சுற்றில் பெரியவர்கள் எல்லோரும் வெவ்வேறு திசையில் எங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் யானையின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று தும்பிக்கை பீய்ச்சியது. எல்லோரும் ஓடினார்கள். கையில் இரண்டு கப் இருந்ததால் அவரால் எழ முடியவில்லை. தொப்பலாக நனைந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தனக்குத்தானே சிரித்தார். கப்புகளைக் கீழே வைத்துவிட்டு, மூக்கில் வழிந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது மறுபடி வழிந்தது. மறுபடி ஏற்றிவிட்டார்.

"சட்டையால தொடைச்சா கோடு விழும்" என்றாள் சித்தி, மிக மெதுவாக. அவள் தரையைப் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் அவரைப் பார்த்தாள், மூங்கில் மறைக்கும் வரை பார்த்தாள்.

படகு துறைக்கு வந்தது. "இப்ப ஓடினாக்கூட போயிடலாம் சித்தி" என்று அழாத குறையாகக் கெஞ்சினேன். சித்தி எழுந்தாள். கொசுவத்தைச் சரிசெய்தாள். தலையில் பூவைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு காலைத் துறையில் வைத்தவள், என்ன நினைத்தாளோ, அந்தக் காலை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். "ஒரே ஒரு சுத்து. அப்புறம் போயிடலாம்."

வீட்டில் அன்று நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா என் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு, "உன்ன நம்பினேன் பாரு" என்றாள். ரயில் இன்னொரு முறை கிடைக்கவில்லை. பெண்ணைக் காட்டாமலே அனுப்பிவிட்டார்கள் என்று கே.கே. நகர்க்காரர்கள் தரகரிடம் கொதித்தார்களாம். இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமாயிற்று. சித்தப்பா நல்ல மனுஷர். அவருக்குக் கண்ணாடி கிடையாது.

ஆனால் அந்த மூன்றாவது சுற்று. படகு அத்தனை மெதுவாகப் போனது எனக்குப் பிடித்திருந்தது. சித்தி முன்பலகைக்கு நகர்ந்து, மூங்கில் இடுக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். இடுக்கு வந்தது. யானை நின்றது. அதன் காலடியில் இரண்டு கப்புகள், உருகி வழிந்தபடி. வேறு யாரும் இல்லை.

"யானை எங்கயும் போவாது சித்தி" என்றேன், அவளுக்கு அதைப் பார்க்க அத்தனை ஆசை போலும் என்று நினைத்து. "வேணும்னா இன்னொரு வாட்டி பாக்கலாம்."

சித்தி தண்ணீரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு ஸ்க்ரூதான்" என்றாள். "டைட் பண்ணியிருந்தா நின்னிருக்கும். ரெண்டு நிமிஷ வேல."

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இவளுக்குக் கடை ஞாபகம்தானா என்று எனக்குக் கோபமாக வந்தது.