திண்டுக்கல் மலையடியில் ஓர் உலைக்களம்

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். திண்டுக்கல் ஐம்பத்தெட்டு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது நயா பைசா. மணப்பாறையில் எல்லோரும் முறுக்கு வாங்கினார்கள், நானும் வாங்கினேன். வையம்பட்டிக்கு அப்பால் வயல் குறைந்து கரடு மிகுந்தது. வடமதுரையைத் தாண்டியதும் எதிர் இருக்கையில் இருந்த பூ வியாபாரி ஜன்னல் பக்கம் கை நீட்டினார்.

"அந்தா தெரியுது பாருங்கம்மா, அதான் மலை. எங்க ஊருக்கு வழி கேக்கவே வேணாம்."

சமவெளியின் நடுவே, புல் பூண்டு இல்லாத ஒற்றைப் பாறை. அதன் உச்சியில் கோட்டைச் சுவர் ஒரு கோடாகத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினேன். ஒன்றரை மைலிலுள்ள அக்கா வீட்டுக்கு ஜட்கா பேசினேன், எட்டணா. வண்டிக்காரர் பேகம்பூர்க்காரர். "கோட்டையடியில கொல்லரு அருவா அடிக்கிறாரே, அதப் பாக்க வந்தீகளா? எங்க வீட்டுப் பொம்பளைக ரெண்டு தடவ பாத்துட்டாக. அந்தம்மா சம்மட்டி தூக்குற மாதிரி நம்மளால தூக்க ஏலாது" என்றார்.

நான் வந்ததும் அதற்குத்தான். என் அக்கா ரெஜினாவின் கணவர் சவரிமுத்து, உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, மலையடிவாரத்தில் ஆறு கொட்டகைகள் போட்டிருந்தார்கள். கோட்டையில் படை இருந்த காலத்தில் அடிவாரத்தில் என்னென்ன தொழில் நடந்திருக்குமோ, அவற்றை வருகிறவர்கள் கண்ணெதிரே செய்துகாட்டுவது ஏற்பாடு. நுழைவுக் கட்டணம் பத்து நயா பைசா. திருச்சியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் எனக்கு, பார்த்துவந்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெயில் ஏறுமுன் மலை ஏறினேன். பாறையிலேயே வெட்டிய படிகள்; நிதானமாக ஏறினால் அரை மணி நேரம். மேலே செங்கல்லால் கட்டிய வெடிமருந்துக் கிடங்குகள், பாசி படிந்த சுனைகள். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் நீலமாகக் கொடைக்கானல் மலைத்தொடர். கீழே பேகம்பூர்ப் பள்ளிவாசல் மினார்கள், ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் கத்தரித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும்.

ஒன்பதரைக்கு இறங்கிவந்தபோது கொல்லர் கொட்டகையில் உலை எரிந்துகொண்டிருந்தது. கருப்பண்ண ஆசாரிக்கு நாற்பது வயதிருக்கும். ஊர் பழனிப் பக்கத்துக் கீரனூர். பழங்காலத் தோற்றத்துக்காகக் குழு கொடுத்த சிவப்புத் தலைப்பாகையைக் கொட்டகைக் காலில் மாட்டிவிட்டு, பழைய துண்டையே கட்டியிருந்தார். மனைவி செல்லாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியுடன் நின்றார். கணவர் குறட்டால் இரும்பைப் பிடித்துச் சின்னச் சுத்தியால் தட்டிய இடத்தில், மறுநொடி அந்த அம்மாளின் சம்மட்டி இறங்கியது. ஒரு தடவைகூட இடம் தவறவில்லை.

கூட்டத்தில் ஒருவர், "எவ்வளவு சூடுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்.

"கண்ணுதானுங்க. ஆவாரம்பூ நெறத்துல இருந்தா அடிக்கோணும். செவந்து மங்கிப்போனா நிறுத்தோணும். அதுக்கு மேல அடிச்சா இரும்புக்கும் வலி, நமக்கும் வலி" என்றார் ஆசாரி.

அன்று அடித்தது வேடிக்கைக்கான பொருள் அல்ல. தொப்பம்பட்டியிலிருந்து வந்திருந்த நாச்சிமுத்து என்ற விவசாயி, உடைந்த லாரியின் வில்பட்டையைக் கொண்டுவந்து, தென்னந்தோப்பு வேலைக்கு ஓர் அரிவாள் கேட்டிருந்தார். உலை அருகிலேயே குந்தி, ஒவ்வோர் அடியையும் தன் பிள்ளையின் தலைமுடி வெட்டுவதைப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிவாளோடு ஊர் திரும்ப வேண்டும். திங்கள் காலை தோப்பில் ஆள் இறங்குகிறது.

பகல் ஒரு மணிக்கு அத்தான் பரபரப்பாக வந்தார். மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நாலு மணிக்கு வருகிறாராம்.

"ஸ்டெல்லா, இந்தக் கொட்டகை இம்புட்டு கரியாக் கெடக்கு. ஆசாரியும் அந்தம்மாவும் சாப்பிடப் போயிருக்காக. செத்த நேரம் ஒழுங்கு பண்ணிக் குடும்மா."

வகுப்பறையைச் சுத்தமாக வைத்துப் பழகியவள் நான். கூட்டினேன், சுத்திகளை அளவுப்படி அடுக்கினேன். உலைக்குப் பக்கத்தில் கல்தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்த தண்ணீர் கறுத்து, மேலே கரித்தூள் படர்ந்து, பார்க்கவே சகிக்கவில்லை. குனிந்து முகந்து முகந்து வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, நாலு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினேன். பேகம்பூர்க் கிணற்றிலிருந்து தள்ளுவண்டியில் வந்த தண்ணீர். குடத்திலிருந்து ஜில்லென்று விழுந்தது. தொட்டியின் அடிக்கல் தெரிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஜீப் வந்தது. அதிகாரி மாலையைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, உலைக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நூறு பேருக்குக் குறையாமல் சூழ்ந்து நின்றதில் கொட்டகைக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. அரிவாள் உருவாகி முடிந்திருந்தது. இனி வெட்டும் வாய்ப்பக்கத்துக்கு உறுதி ஏற்ற வேண்டும். அதற்குத் துவைச்சல் என்று பெயர்: காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கி எடுப்பது. ஆசாரி இரும்பின் நிறத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், குறட்டோடு திரும்பித் தொட்டியில் முக்கினார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். அவர் முகம் மாறியது. வெளியே எடுத்தபோது, அரிவாளின் வளைவில் வாயிலிருந்து முதுகு வரை மயிரிழையாக ஒரு கீறல்.

அத்தான் குனிந்து, "மேசையில ரெடியா ஒண்ணு இருக்குல்ல, அதக் காட்டிருங்க" என்று முணுமுணுத்தார்.

"வெடிச்சத வெடிச்சதுன்னுதான் சொல்லோணுமுங்க" என்றார் ஆசாரி. அரிவாளைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். "இது ஆகாதுங்க. வெடிச்சுப் போச்சு."

அதிகாரி சிரித்தார். கெட்ட மனசோடு அல்ல. "பரவாயில்லை. நாட்டு வேலை என்றால் இப்படித்தான். அதற்குத்தான் தொழிற்சாலைகள் கட்டுகிறோம்" என்று எழுந்தார்.

அப்போது செல்லாத்தாள் தொட்டிக்குள் கை விட்டுப் பார்த்தார். "இது நம்ம தண்ணியில்லீங்க. பச்சத் தண்ணி. யாரோ மாத்திப் போட்டிருக்காங்க" என்று கணவரிடம் சொன்னார்.

அதிகாரி என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அத்தானுக்கு அவமானம் என்று ஒரு காரணமும், இத்தனை பேர் முன்னால் எப்படி என்று இன்னொரு காரணமும் தேடிக்கொண்டு நின்றேன். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஐந்தரை மணிக்குக் கூட்டம் கலைந்தபிறகு ஆசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெடித்த அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு, பிறகு சொன்னார்.

"எட்டு நாளா இரும்ப முக்கி முக்கி வெதுவெதுன்னு வெச்சிருந்த தண்ணிங்க அது. சூடு ஒரேயடியா எறங்குனா இந்த இரும்பு தாங்காது. என் கண்ணு தண்ணி மேல போகலை, அது என் தப்பு. நீங்க தெரியாம செஞ்சீங்க, அதுக்குக் கோபமில்லீங்க டீச்சரம்மா."

அரிவாளை உலைமேட்டில் வைத்தார்.

"அந்த ஐயா நின்னப்பவே சொல்லியிருக்கலாம். அது தெரிஞ்சே செஞ்சதில்லீங்களா?"

நாச்சிமுத்து கவலையோடு, "ஏனுங்க, நாளைக்கு நான் வெறுங்கையோடதான் போகோணுமா?" என்றார்.

வில்பட்டையின் மிச்சத்தைச் செல்லாத்தாள் கையால் அளந்தார். "ஒரு அருவாளுக்குக் காணுமுங்க. வெள்ளனவே உலை மூட்டிரலாம்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. தொட்டித் தண்ணிய வெதுவெதுப்பாக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் ஆறரை மணிக்கு அக்காவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். துண்டு இரும்புகளைக் காய்ச்சித் தந்தார்கள். நான் அவற்றைக் குறட்டால் எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டேன். நான் பார்க்கப் பார்க்கவே தண்ணீர் கறுத்தது. நேற்று அழுக்கு என்று நினைத்த அதே நிறம் வருகிறதா என்று இன்று குனிந்து குனிந்து பார்த்தேன். புகையில் கண் எரிந்தது, முழங்கைவரை கரி.

பத்து மணிக்குக் கோயிலிலிருந்தும் பேகம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நேற்று வந்தவர்களும் பலர் இருந்தார்கள். துவைச்சலுக்கு முன்னால் நான் கூட்டத்தைப் பார்த்து நின்று, நடந்ததைச் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஓர் அம்மாள், "டீச்சராம்ல! பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்குமோ?" என்றார். அத்தான் தரையைப் பார்த்தார். நான் கடைசிவரை சொல்லி முடித்தேன்.

செல்லாத்தாள் தொட்டியில் கை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். ஆசாரி அரிவாளை முக்கினார். சீறல் எழுந்து அடங்கியது. வேறு சத்தம் இல்லை. எடுத்து, நிறம் மாறுவதைப் பார்த்துக் காத்திருந்து, மறுபடி முக்கினார். சாணை பிடித்தபின் நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். அவர் காய்ந்த தென்னை மட்டையை நிறுத்திவைத்து ஒரே வீச்சு வீசினார். மட்டை இரண்டாக விழுந்தது. அரிவாளின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், மடங்கவில்லை. "போதுமுங்க" என்று மட்டும் சொல்லி, அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பழனி பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் விடைபெற்றபோது செல்லாத்தாள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். குறடு பிடித்த இடத்தில் இரண்டு கொப்புளங்கள். "வேல செஞ்ச கைதானுங்க. நல்லெண்ணெய் தொட்டு வைங்க" என்றார்.

திருச்சியிலும் ஒரு மலை இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போகிறேன். எங்கள் மலையடியிலும் பட்டறைகள் உண்டு. அவற்றைக் கடக்கும்போது சேலையில் கரி படாமல் ஒதுங்கிப் போவதே என் வழக்கம். அங்கேயும் எந்தத் தண்ணீர் எதற்காக இருக்கிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாலை ரயிலுக்கு முன், அக்கா வீட்டில் உட்கார்ந்து அந்த அதிகாரிக்கு ஓர் இன்லாண்டு கடிதம் எழுதினேன். தண்ணீரை மாற்றியது நான்தான் என்றும், ஞாயிற்றுக்கிழமை அதே இரும்பில் அடித்த அரிவாள் எப்படி வெட்டியது என்றும் எழுதினேன். விலாசம் எழுதித் தரும்போது அத்தான் தயங்கினார்.

"இது எதுக்கு ஸ்டெல்லா? அவரு இந்நேரம் மறந்திருப்பாரு."

"கொல்லரை மறந்திருப்பார், அத்தான். நாட்டு வேலை என்றால் இப்படித்தான் என்பதை மறந்திருக்க மாட்டார்" என்று சொல்லிக் கடிதத்தை ஒட்டினேன்.