தம்பி போர்முனையில், நான் எம்.எல்.ஏ. ஜீப்பில்

செஞ்சி எம்.எல்.ஏ.விடம் டிரைவராகச் சேர்ந்த முதல் நாளே என் தொழில் புத்தியை அவர் கெடுத்தார். கூட்டத்துக்குப் போனால் வண்டியைத் திருப்பி, கிளம்புகிற வாட்டத்தில் நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம்.

"ஜனங்களப் பாத்து நிறுத்து பாய். ஓடறதுக்கு ரெடியா வந்திருக்கான்னு நெனச்சிடுவாங்க" என்றார்.

இந்திய ராணுவம் இலங்கையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என் தம்பி சலீம் அந்தப் படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தான். எம்.எல்.ஏ.வோ சட்டசபையிலும் மேடையிலும் அந்தப் போரை எதிர்த்தார். படையை அனுப்பியது தப்பு, நடத்துகிற விதம் அதைவிடத் தப்பு என்பார்.

வீட்டில் அம்மா ரேடியோவை விட்டு நகர மாட்டாள். "புள்ள அங்க உசுரக் குடுக்கறான். நீ அதத் திட்டறவருக்கு வண்டி ஓட்டுற. வேற வேல கெடைக்கலியா?" என்பாள்.

ஒரு சந்தை நாளில் அனந்தபுரத்தில் ஜீப்பை மறித்துவிட்டார்கள். வண்டி கூட்டத்தைப் பார்த்து நின்றது. ரிவர்ஸ் போட்டால் காய்கறிக் கடைகள். ஒரு பெரியவர் பானட்டில் ஓங்கி அடித்தார்.

"எம் புள்ள மிலிட்டிரில கீறான். அவன இன்னா அசிங்கப்படுத்துறியா?"

எம்.எல்.ஏ. இறங்கினார். "உங்க புள்ளய நான் ஒண்ணும் சொல்லலீங்க. எதுக்கு சண்டன்னு அவனுக்கே சொல்லாம அனுப்பிட்டாங்களே, அவங்களத்தான் கேக்கறேன்."

கூச்சல் அடங்கவில்லை. எங்களோடு வந்த கட்சிக்காரர் அவர் காதோரம் குனிந்தார். "நம்ம டிரைவரோட தம்பியும் அங்கதான கீறான். இவரப் பேசச் சொல்லுங்க, கூட்டம் அடங்கிடும்."

"அது அவன் வூட்டுக் கவல. என் அரசியலுக்கு அத எடுக்காத" என்று அதட்டினார் எம்.எல்.ஏ.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே இறங்கினேன்.

"எந்தம்பியும் அங்கதாங்க இருக்கான். அவன் உசுரோட திரும்பி வரணும்னுதான் இவர் கத்தறாரு" என்றேன்.

பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் அவரே வழிவிடச் சொன்னார்.

பல மாதம் கழித்து சலீம் திரும்பி வந்தான், ஒரு கால் சற்று இழுத்தபடி. திண்டிவனம் ஸ்டேஷனுக்கு எம்.எல்.ஏ.வும் வருகிறேன் என்றபோது அதே கட்சிக்காரர் பதறினார். "நாம எதுத்த ராணுவங்க. மால கீல போட்டா கட்சில கேப்பாங்க."

"சண்டயத்தான் வேணாம்னேன். திரும்பி வர்ற புள்ளயவா வேணாம்னேன்?"

மாலை போட்டார். சலீமின் டிரங்குப் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கித் தானே ஜீப்பில் ஏற்றினார். எங்களோடு வந்திருந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுத் துயரத்தைத் தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளாத முதலாளி கிடைப்பது பெரிய கொடுப்பினை. எனக்குக் கிடைத்தது. வீட்டு வாசலில் சலீமை இறக்கிவிட்டதும் அம்மா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இவர் வண்டிய மட்டும் உட்டுடாதடா."