பத்மாவின் நிறம்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சேஷாத்ரி கூப்பிட்டு அனுப்பினார். மயிலாப்பூரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், ஹாலில் உட்கார ஒரு பெரிய மனிதர் வேண்டும். பத்திரிகையில் எழுதுகிற பாவத்துக்கு அந்த உத்தியோகம் எனக்கு!

சேஷாத்ரியின் பெண் பத்மா. ஒரு காலத்தில் சரியான வாயாடி. இரண்டு வருஷமாகக் குடலில் ரணம். வயிற்றுப்போக்கு, அதோடு ரத்தம்... சாப்பிடுகிற எதுவும் உடம்பில் ஒட்டுவதில்லை. ராயப்பேட்டை டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தசோகை" என்றார். வைட்டமின் மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்தார்.

அந்த டானிக் பல்லைக் கறுப்பாக்கும். பப்பாளி இலைக் காம்பால் உறிஞ்சிக் குடிக்கச் சொல்லியிருந்தார். அப்படியும் கறை பிடித்துவிட்டால்? பெண் பார்க்க வருகிறார்களே! பாட்டில் ஒரு மாதமாகப் பீரோவுக்குள் இருந்தது.

வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டு — எல்லாம் ஆயிற்று. வியாதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நமஸ்காரம் பண்ணி எழுந்தபோது பத்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிள்ளையின் அத்தைக்கு ஒரே பூரிப்பு. "என்ன நெறம் பாருங்கோ! தந்தத்துல கடைஞ்சு வெச்சாப்பல இருக்கா. எங்காத்துல ஒருத்தருக்கும் இந்த நெறம் கெடையாது!"

அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதம் கல்யாணம்.

அது நிறமா? ரத்தம் வற்றிய முகமல்லவா!

மறுநாள் காலை சேஷாத்ரி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "இனிமே பல்லு கறுத்தா என்ன ஓய்! டானிக்கை எடுத்துக் குடுத்தேன். வேண்டாம்கறா. நீர் சொல்லிப் பாரும்."

போனேன். பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் டம்ளரில் டானிக், அதற்குள் பப்பாளிக் காம்பு.

"குடிம்மா, குழந்தே. ரத்தம் ஊறினா எல்லாம் சரியாயிடும்."

"ரத்தம் ஊறினா நெறம் மாறிடுமே, மாமா?"

"மாறினா மாறட்டுமே!"

"அவாளுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதானே, மாமா... கல்யாணம் ஆகட்டும், குடிக்கறேன்."

தை மாதத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அதுவரை தாங்குவாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம் — நிறத்தைப் புகழ்வதற்கு முன்னால், அந்தப் பெண்ணின் கீழ் இமையை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்!