டெல்லிக்கு நாற்பத்தேழாயிரத்து எண்ணூறு

வண்டி எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அது தெருவை விட்டுக் கிளம்பியபோது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் அது காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. தெருப் பிள்ளைகள் அதற்குள் வீடு விளையாட்டு விளையாடினோம். ஒரு பூனை அதில் இரண்டு தடவை குட்டி போட்டது.

வண்டி என் மாமாவுடையது. மாமா என்றால் அப்பாவின் அக்கா புருஷன். அவரும் அத்தையும் எங்கள் வீட்டிலேயே பின்பக்கத்துப் போர்ஷனில் இருந்தார்கள். குழந்தை கிடையாது. எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு மாமா ஓய்வு பெற்றார். ஸ்லிப் இல்லாமல் யாருக்கும் ஒரு நட்டு கூட எடுத்துக் கொடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு தடவை மேனேஜரே வந்து கேட்டும் கொடுக்கவில்லையாம். அந்தக் கதையை மாதம் ஒருமுறையாவது கேட்போம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிப் போன பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தபோது மாமா அதை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, துறைமுகத்துப் பெட்டிகளிலிருந்து வந்த பலகைகளில் இரண்டு கட்டில் அடித்தார். ஒரு மூலையில் அடுப்பு மேடை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, ஜன்னல்களுக்கு என் அம்மாவின் பழைய புடவைகள். அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, ஒரு மாதம் டெல்லி வரைக்கும் போய்வருவது என்பது திட்டம்.

டெல்லி அத்தையின் ஆசை. அத்தை எண்ணூர் சாலையில் லாரி எடை போடும் மேடையில் வேலை பார்த்தாள். உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை என்று ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது வண்டிகளுக்குச் சீட்டு எழுதுவாள். நாக்பூர் வண்டி, ஜான்சி வண்டி, ஆக்ரா வண்டி. இருபது வருடமாக அந்த ஊர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தவள் நேரில் பார்த்த தூரத்து ஊர் திருப்பதி ஒன்றுதான். "அவனுங்க அல்லாம் அங்கேர்ந்து இங்க வந்துகினேகீறானுங்க. நாம ஒரு தபா போய்ப் பாத்தா இன்னா?" என்பாள்.

மாமா மறுக்கவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு பட்ஜெட். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியை வங்கியில் ஐந்து வருட டெபாசிட்டாகப் போட்டுவிட்டுப் பயணத்துக்கென்று ஐம்பதாயிரம் தனியாக எடுத்து வைத்திருந்தார். "அம்பதாயிரம். அதுக்கு மேல ஒர்ருவா ஆனாலும் வண்டி வாசலத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே இரண்டு வருடம் தாண்டவில்லை. ஒவ்வொரு கோடையிலும் புது நோட்டு வாங்கிக் கணக்குப் போடுவார். ஸ்டோரில் பழகிய கை, எதையும் கூட்டித்தான் எழுதும். இரண்டு பஞ்சர் என்றால் நான்கு என்று எழுதுவார். அரிசி முப்பது கிலோ என்றால் நாற்பது. கூட்டிப் பார்த்தால் எண்பதாயிரத்துக்கு மேல் போய் நிற்கும். "சரி, அடுத்த வருசம் பாக்கலாம்" என்று நோட்டை மூடுவார். அத்தை எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். அன்றைக்குப் பாத்திரச் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

மூன்றாவது வருடம் மாமா என்னைக் கூப்பிட்டார். நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

"பாப்பா, நான் போட்டா கை தாராளமா பூடுது. நீ போடு. டெல்லிக்குப் போவ எவ்ளோ ஆவும்னு கரீட்டா போட்டுக் குடு. ரேட்டு அல்லாம் நான் சொல்றேன்."

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டோம். சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டு, முந்நூறு லிட்டர் டீசல், பதினெட்டாயிரம். டோலுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. இந்த இரண்டையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். கஷ்டமாக இருந்தது கக்கூஸ்தான். வண்டியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. காசு கொடுத்துத்தான் போக வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதில் தகராறு வந்தது.

மாமா மூன்று என்றார்.

"அத நீ இன்னா சொல்றது" என்றாள் அத்தை. "நாலு போடு பாப்பா."

"நாலு எதுக்கு?"

"உனுக்குத்தான் சக்கர கீதே."

நாலு என்று எழுதினேன். அப்புறம் அத்தை, "பேதி ஆனா?" என்றாள். மாமா வெகுநேரம் யோசித்துவிட்டு, மருந்தையும் சேர்த்துப் பேதிக்கு ஐந்நூறு ஒதுக்கினார். 'பேதி, 500' என்று தனி வரியில் எழுதிய ஞாபகம் இருக்கிறது.

மொத்தம் நாற்பத்தேழாயிரத்து எண்ணூறு வந்தது.

மாமா நோட்டை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். இரண்டு தடவையும் அதேதான் வந்தது. தன் கையின் தாராளம்தான் இத்தனை நாளும் கெடுத்துக்கொண்டிருந்தது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. நோட்டை அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். டீசல் வரியில் விரல் கொஞ்சநேரம் நின்றது. என் கையெழுத்து புரியவில்லை போலிருக்கிறது என்று, "பதினெட்டாயிரம் அத்த" என்று படித்துக் காட்டினேன்.

"தெரிது" என்றாள். என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக வாசலில் நின்ற வண்டியையும் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "புள்ள நல்லாத்தான் போட்டுகீது" என்றாள்.

பத்து நாளில் கிளம்பிவிட்டோம். கணக்குப் போட்டவள் கூட இருக்க வேண்டும் என்று அத்தை சொன்னதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நோட்டு என் மடியில் இருந்தது. மாமா ஓட்டினார். நெல்லூரில் நான் ஐஸ் கேட்டேன். "பட்ஜெட்ல கீதா பாரு" என்றார். பார்த்தேன், இல்லை. விஜயவாடாவில் அத்தை வளையல் கேட்டாள். அதுவும் இல்லை. மாமாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று டீ பட்ஜெட்டில் இருந்தது. நான்காவது டீக்கு அவர் நாக்கு ஏங்கியபோது நான் நோட்டைத் திறந்து காட்டினேன். அவர் வண்டியை எடுத்தார். ஸ்லிப் இல்லாமல் நட்டு கொடுக்காத மனிதர் அல்லவா, என்னை உள்ளுக்குள் மெச்சியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அத்தை ஒரு பெரிய தகர டின் நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். அந்த வாசனை எங்களுக்கு முன்னால் போனது. சோதனைக்கு நிறுத்தியவர்கள் வேன் கதவைத் திறந்ததும் மூடிவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள்.

நாக்பூருக்கு முன்னால் ஒரு தாபாவில் நிறுத்தினோம். அங்கே நின்ற டிரெய்லர்களின் நம்பரைப் பார்த்துக்கொண்டே நடந்த அத்தை ஒரு வண்டிக்கு முன்னால் நின்று, "இது நம்ம வண்டி" என்றாள். அதன் காலி எடையைக் கிலோ சுத்தமாகச் சொன்னாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த டிரைவர் எழுந்து பார்த்துவிட்டு, "எண்ணூர் அம்மா" என்று ஓடிவந்து காலைத் தொட்டார். அத்தைக்குத் தெரிந்த இந்தி நான்கே சொற்கள்: ஆகே, பீச்சே, ரோகோ, உத்ரோ. முன்னே, பின்னே, நிறுத்து, இறங்கு. மேடையில் இருபது வருடம் அதுவே போதுமாக இருந்தது. அவர் எதையோ சொல்லிச் சொல்லிக் கண் கலங்க, அத்தை ஆகே, ஆகே என்று தலையாட்டினாள். எங்களைச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க விடவில்லை அந்த டிரைவர். 'மிச்சம், மூன்று சாப்பாடு' என்று மாமா எழுதச் சொன்னார்.

அத்தையை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வாள். ஜான்சி வந்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சும்மா சாலையோரத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். தாஜ்மகாலில் போட்டோ எடுக்க வந்த ஆளை பீச்சே, பீச்சே என்று துரத்தி, முழுக் கட்டடமும் படத்தில் விழும் இடத்தில் ரோகோ என்று நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் டெல்லியில் இருந்தோம். ஒரு கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில் வண்டி நின்றது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மாமா பையிலிருந்த பணத்தைக் கட்டில்மேல் பரப்பி எண்ணினார். அரிசிக்கு இருந்தது. கக்கூஸுக்கு இருந்தது. பேதிப் பணம் தொடப்படாமல் இருந்தது. அத்தை கீழே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா நோட்டை வாங்கி டீசல் வரியைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"பாப்பா, வூட்டுக்குப் போறதுக்கு டீசல் எங்க போட்டுகீற?"

"எந்த வூட்டுக்கு மாமா?"

"நம்ம வூட்டுக்கு."

எனக்கு அது நியாயமான கேள்வியாகவே தோன்றவில்லை. "டெல்லிக்குப் போவ எவ்ளோன்னுதான மாமா கேட்ட? வர்றதுக்கு நீ கேக்கவே இல்லியே."

மாமா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நனையக் கூடாது என்று பெட்டிப் பலகையில் அச்சடித்திருந்த குடைப் படத்தின்மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வண்டியை இங்கேயே விற்றுவிட்டு ரயிலில் போகலாம் என்றார். யார் வாங்குவார்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். என் அப்பாவுக்குப் போன் செய்து பணம் அனுப்பச் சொல்லலாம், ஆனால் காலம் முழுக்கச் சிரிப்பான் என்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இனி டெல்லியிலேயே இருந்து இந்தியில் ஆறாம் வகுப்புப் படிக்க வேண்டுமென்று பயந்து அழ ஆரம்பித்தேன். மாமாவும் அழுதுவிடுவார் போலிருந்தது. "புள்ளய ஒண்ணும் சொல்லாத" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை கடைசி வெண்டைக்காயையும் நறுக்கி முடித்தாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கருவாட்டு டின்னை இழுத்தாள். முழங்கை வரை உள்ளே விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மாமாவின் மடியில் போட்டாள்.

"இன்னா இது?"

"சீட்டு எடுத்தேன்."

"எப்போ?"

"கெளம்பறதுக்கு முன்ன."

மாமா எண்ணினார். அப்புறம் நான் எண்ணினேன். இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய். திரும்பி வர டீசல் பதினெட்டாயிரம், டோல் மூவாயிரத்து ஐந்நூறு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடவுள் இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

மாமா அத்தையை ஏறிட்டுப் பார்த்தார். அத்தை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் என்னிடம், "பாப்பா, இன்னிக்கு அத்தைக்கு வளையல் வாங்கலாம், எய்திக்கோ" என்றார்.

"பட்ஜெட்ல இல்லியே மாமா."

"பேதில எய்து."

வரும் வழியில் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் பணம் வாங்கிய ஆள் ரூபாய் நோட்டை மூக்கருகே கொண்டுபோய்விட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். காலடிப்பேட்டைக்கு வந்து சேர்ந்ததும், நாற்பத்தேழாயிரத்து எண்ணூறில் டெல்லி போய்வந்ததாக மாமா தெரு முழுக்கச் சொன்னார். கருவாட்டுப் பணம் பட்ஜெட்டில் இல்லாததால் அதைச் செலவில் சேர்க்க முடியாது என்பது அவர் கட்சி.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் இப்படிச் செய்துவிட்டேனே என்று இருந்தது. ஒரு நாள் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "அடுத்த தபா போவும்போது வர்ற செலவையும் சேத்து கரீட்டா போட்டுடறேன் அத்த" என்றேன்.

அத்தை வளையல் குலுங்க ஒரு புடவையை உதறினாள்.

"வாணாம் பாப்பா. போற செலவ மட்டும் போடு. அது போதும்."

இத்தனை வயதாகியும், இருபது வருடம் எடை மேடையில் உட்கார்ந்தும், அத்தைக்கு ஒரு சாதாரணக் கணக்கு புரியவில்லையே என்று பாவமாக இருந்தது.