கன்னியம்மா வீட்டருகே ஒரு வளைவு

நேற்று ஐயப்பன்தாங்கலில் திடீர் மழை. பஸ் டெப்போ பக்கம் கீரை விற்கும் அம்மாவின் பெரிய குடைக்குள், யாரும் அழைக்காமலே நுழைந்துகொண்டேன். நனைந்த கெட்டித் துணியின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாம்மா, தனியா சிரிச்சிக்கினு கீறே?" என்று கேட்டார். எனக்கும் குடைக்கும் பழைய பகை என்று சொன்னால் அவருக்குப் புரியுமா?

உங்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் புதிதாக வந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நில அளவைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அளக்க வெளியே போகும்போதெல்லாம் எங்களோடு அப்படி ஒரு குடையும் வரும். அதன் நிழல் எனக்கில்லை, தியோடலைட்டுக்கு. கோணம் அளக்கிற அந்தக் கருவிமேல் வெயில் பட்டால் அளவு பிசகும் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். ஆசிரியைமேல் பட்டால் என்ன பிசகும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மெல்ல ஒதுங்கி நின்றால்கூட, அம்பத்தூர்ப் பையன் தயாளன் ரொம்பப் பணிவாக, "மேடம், கொஞ்சம் நவுந்துக்கோங்க, மிஷினுக்கு வெயிலடிக்குது" என்பான். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டோவுல இருக்கிறவ வேற, வந்து நிக்கிறவ வேறன்னு சண்டைக்கு வரப் போறாங்கடி" என்று அம்மா புலம்புவாள்.

வெயிலின் உச்சம் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் அளவை முகாம். அதில் ஒரு வேடிக்கையான பயிற்சி உண்டு. இல்லாத சாலை ஒன்றைப் போட வேண்டும். நிஜமான நிலத்தை நிஜமாகவே அளந்து, சாலையின் நடுக்கோடு போகும் வழியெல்லாம் முளைக்குச்சி அடித்து, குச்சித் தலையில் சிவப்புப் பெயின்ட் தடவி, வரைபடம் போட்டு மதிப்பெண் வாங்க வேண்டும். பிறகு குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஒரு பொட்டல். குச்சி அடித்த மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கினால், குச்சிகளுக்கு நடுவே ஓர் அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"யாரு இங்க பெரிய ஆபீசரு?"

பையன்கள் அத்தனை பேரும் என்னைக் கை காட்டினார்கள். அந்த ஒற்றுமையை வகுப்பில் நான் பார்த்ததே கிடையாது.

அவர் பெயர் கன்னியம்மா. புருஷன் பெண்டாட்டி இருவரும் கழனி வேலை செய்தவர்கள். கணவருக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகு, இந்தப் பொட்டலோரம் மனை வாங்கிச் செங்கல் செங்கலாக வீடு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது, தளம்தான் பாக்கி. எங்கள் குச்சி வரிசை நேராகப் போய் அந்தச் சுவரில் முட்டுவதைப் பார்த்த மேஸ்திரி, "சர்க்கார் ரோடு வருது, இடிக்கப் போற ஊட்டுக்கு நான் தளம் போட மாட்டேன்" என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இது சும்மாம்மா, பசங்க படிப்புக்காக. நிஜமா ரோடு வராது" என்றேன்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா போட்ற ரோட்ட அந்தாண்ட போட்டுக்கினா இன்னா? எம்மாம் எடம் கீது! என் ஊட்டு மேலதான் ஏறணுமா?"

நேராகப் போனால் வண்டிகளுக்கு எரிபொருள் மிச்சம் என்று ஆரம்பித்தேன். "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். குச்சியைப் பிடுங்கிவிடுகிறோம் என்றாலும் ஒப்புக்கொள்ளவில்லை. பிடுங்கினால் மறுபடி வந்து அடிப்பார்கள் என்பாராம் மேஸ்திரி. ரோடு வேறு பக்கம் போவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

சாலையை வளைப்பதென்று முடிவாயிற்று. பையன்களுக்கு முகம் செத்துவிட்டது. நேர்கோட்டுக்குக் கண்ணும் கயிறும் போதும், வளைவென்றால் ஒவ்வொரு குச்சிக்கும் தனிக் கணக்கு. "மேடம், அந்தம்மாவுக்கு வேற மேஸ்திரி பாத்துக் குடுத்துரலாம்" என்றான் தயாளன்.

கன்னியம்மா திரும்பக் கூட்டிவந்த அதே மேஸ்திரி செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்தார். வளைவின் ஆரத்தை முடிவு செய்தது கன்னியம்மாதான். "இன்னும் கொஞ்சம் தள்ளு நைனா, வாசல்ல கோலம் போட எடம் வோணும்." தள்ளினோம். கணக்கை அழித்து மறுபடி போட்டோம். கடைசிக் குச்சி இறங்கியதும் மேஸ்திரி எழுந்து, "ரோட்டோரத்து ஊடு. ராசிதான்" என்றார். சாலையே வராது என்று நான் கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை.

தளம் போட்ட அன்று முகாமுக்கு நான் விடுமுறை விட்டேன். பையன்கள் கலவைச் சட்டி தூக்கினார்கள், கன்னியம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வராதுதானே டீச்சரம்மா?"

"வராதும்மா" என்றேன், ஏதோ நெடுஞ்சாலைத் துறையே என் முந்தானையில் முடிந்திருப்பதைப் போல.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் வரைபடத்தில் விரலை வைத்தார். "வெறும் பொட்டல்ல எதுக்குப்பா இந்த வளைவு?"

"ஒரு ஊடு கீது சார்" என்றான் தயாளன்.

"நஷ்டஈடு குடுத்து இடிச்சிட்டு நேரா போகலாமே?"

"எப்டி சார் இடிக்கிறது? நாங்கதான் சட்டி தூக்கினோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தயாளனுக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது.

இதெல்லாம் பழைய கதை. அந்தப் பொட்டல் வழியாக இப்போது நிஜமாகவே ஓர் அகலச் சாலை போகிறது. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கண்ணாடியை இறக்கித் தேடினேன். வீடு இல்லை. நல்ல தொகை கொடுத்திருப்பார்கள், கன்னியம்மா வேறெங்காவது மாடி வீடே கட்டியிருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. இப்போதெல்லாம் நிலத்தை ட்ரோனை மேலே பறக்கவிட்டே அளந்துவிடுகிறார்கள். அந்தாண்ட போட்டுக்கினா இன்னா என்று கேட்க, கன்னியம்மா யாரைத் தேடிப் போயிருப்பார்? அந்த இடத்தில் சாலை நேராகத்தான் போகிறது.