சித்தியின் பங்கு

ரோசாப்பூ சிரப்பின் வாசனை எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு உடனே ஞாபகம் வருவது, வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஓர் ஐஸ்கிறீம் கடையும், உயரமான கண்ணாடிக் குவளையின் அடியில் ஊறிக் கிடந்த கசகசாவும், அதை நீளக் கரண்டியால் கிளறி எடுத்து எனக்கு ஊட்டிவிட்ட சித்தியின் கையும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை ஓய்ந்து பாதை திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்கள் நேரே கொழும்புக்கு ஓடத் தொடங்கியிருந்த காலம். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவும், அம்மாவின் தங்கையான வசந்திச் சித்தியும், நானும் மூன்று நாள் "கொழும்பு சுத்திப் பார்க்க" வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு லேனில் குடியிருந்த மாமாவின் வீட்டில் தங்கினோம்.

சுற்றிப் பார்ப்பது வெறும் சாட்டு என்பதை அம்மா பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். சித்திக்கு முப்பத்து நாலு வயதாகியிருந்தது. ஊரில் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் வந்த சம்பந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, "பிறகு அறிவிக்கிறம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். ஊரில் எங்கள் ஒழுங்கை முழுக்க அதைப் பற்றிக் கதை. இந்த முறை அப்படி நடக்கக்கூடாது என்று மாமா கொழும்பு வழக்கப்படி ஏற்பாடு செய்திருந்தார். சுவிஸிலிருந்து லீவில் வந்து கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த மாப்பிள்ளையும் அவருடைய தாயும், நாங்கள் போகும் இடங்களுக்குத் தற்செயலாக வருவதுபோல் வருவார்கள். இரு பகுதியும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. பிடித்துக்கொண்டால், கடைசி நாள் மாப்பிள்ளையின் தாய் தானாக எழுந்து வந்து "நீங்கள் எந்த ஊர்?" என்று பேச்சுத் தொடங்குவார். பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடுவார். யாருக்கும் ஒன்றும் தெரியவராது, பெண்ணுக்கும் அவமானமில்லை என்று பெரியவர்கள் நம்பினார்கள்.

மாமா நல்ல மனிதர். தங்கைக்காக எத்தனையோ வாசற்படி ஏறி இறங்கியவர். ஆனால் வந்த அன்றே அவர் சித்திக்குச் சொன்னது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. "வசந்தி, இந்த மூண்டு நாளும் கொஞ்சமாச் சாப்பிடு. வயிறு ஊதினால் சீலை வடிவா நிக்காது. அவையள் நிக்கிற இடத்தில வாய் நிறைய வைச்சுச் சாப்பிடாதை." சித்தி தலையாட்டினார். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதனால் என் பாடு கொண்டாட்டமாகிவிட்டது. அன்று பின்னேரம் முஸ்லிம் கடையில் மட்டன் ரோல்ஸ் வந்தது, சித்தியின் ரோல்ஸ் என் தட்டுக்கு வந்தது. வட்டிலப்பம் வந்தது, ஒரு கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு அதையும் என் பக்கம் தள்ளினார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "வயித்துக்கை ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை, நீ சாப்பிடு" என்பார். நான் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன். சித்தியைப்போல் நல்லவர் உலகத்தில் இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை நூதனசாலைக்குப் போனோம். அங்கே வெயில் இல்லை, ஆறுதலாக நடக்கலாம், சீலை கசங்காது என்பதால் மாமா அந்த இடத்தைத் தெரிந்தெடுத்திருக்கவேண்டும். வெண்கலச் சிலைகள் இருந்த மண்டபத்தில் நடராசருக்கு முன்னால் சித்தியை நிற்கச் சொல்லிவிட்டு மாமா ஒதுங்கிக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, தங்கக்கரைக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாவும், பளிச்சென்ற வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவரும் நின்றார்கள். அப்படி வெள்ளையான சப்பாத்தை நான் கண்டதேயில்லை. அவர்கள் சிலைகளைப் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. சித்தியும் சிலையைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியாமல் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாயென்றால் அங்கே சைவம், கிறிஸ்தவம், சிங்களம், தமிழ் என்றில்லை, எல்லோரும் வருவார்கள். மெழுகுதிரிகளின் அனல் முகத்தில் அடித்தது. சனத்துக்குள்ளே அந்த வெள்ளைச் சப்பாத்து மீண்டும் தெரிய, "அம்மா, நேற்று வந்த மாமா!" என்று நான் கத்த, அம்மா என் தொடையில் கிள்ளினார். சித்தி எதையும் கவனிக்கவில்லை. திரி ஏற்றி வைத்துவிட்டுக் கனநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"என்ன கேட்டனீங்கள் சித்தி?"

"வயித்துநோ மாறவேணும் எண்டு கேட்டனான்."

நான் அதை நம்பினேன், மாறவேண்டும் என்று நானும் ஒருமுறை கும்பிட்டேன்.

அன்று பின்னேரந்தான் ஐஸ்கிறீம் கடை. அவர்கள் எங்களுக்கு முன்னரே வந்து, இரண்டு மேசை தள்ளி இருந்தார்கள். மாமா எல்லோருக்கும் பலூடா சொன்னார். சித்தி ஒரு மிடறு குடித்துவிட்டு, என் குவளை முடிந்ததும், தன்னுடையதையும் எனக்கு ஊட்டத் தொடங்கினார். அவர் என்னைப் பார்க்காமலே ஊட்டியதால் சிரப் என் சட்டையில் சிந்தியது. அப்போது அந்தக் கண்ணாடி போட்ட அம்மா எழுந்தார். எங்கள் மேசையை நோக்கி வந்தார். மாமா சேட் கொலரைச் சரிசெய்தார். என் அம்மா மேசைக்குக் கீழே சித்தியின் மற்றக் கையைப் பிடித்தார். சித்தி நிமிர்ந்து, சிரிப்பதற்கு முகத்தைத் தயார்ப்படுத்தினார்.

அந்தக் கண்ணாடி அம்மா எங்களைக் கடந்து, எங்களுக்குப் பின்னாலிருந்த குழாயில் விரல்களைக் கழுவி, லேஞ்சியால் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பிறகு அவர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

சித்தியின் முகத்தில் அந்தச் சிரிப்பு போவதற்கு இடமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றது.

"எல்லாம் நன்மைக்குத்தான் பிள்ளை" என்றார் அம்மா.

சித்தி கையை விடுவித்துக்கொண்டார். "அண்ணை, எனக்கொரு பலூடா சொல்லுங்கோ."

"உனக்கு எடுத்தது..."

"அது பிள்ளைக்குக் குடுத்திட்டன். எனக்கெண்டு ஒண்டு சொல்லுங்கோ."

மாமா கடைப் பெடியனைப் பார்த்துச் சிங்களத்தில், "மல்லி, தவ எகக்" என்றார். இன்னொன்று வந்தது. சித்தி அதை ஆறுதலாகச் சாப்பிட்டார். நடுவில் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் கரண்டியை வைக்கவில்லை. முடித்துவிட்டு ரோல்ஸ் கேட்டார். அதன் பிறகு எங்கள் எல்லோரையும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அந்த விலையுயர்ந்த சீலை நனைய நனையத் தண்ணீருக்குள் நின்றார். சீலை பழுதாகப் போகிறது என்று மாமா கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் சிறுவயதின் மிகச் சந்தோசமான நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த மூன்று நாளைத்தான் சொல்லிவந்தேன். அந்த நாட்களில் நான் சாப்பிட்டதில் பாதி சித்தியின் பங்கு என்பதை அறிந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இப்போது நான் பாமன்கடையில் இருக்கிறேன், கொழும்பில்தான் வேலை. அந்த ஐஸ்கிறீம் கடை இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. மாமாவும் காலமாகிவிட்டார். தற்செயலாகச் சந்திக்கிற அந்த நாடகமும் இல்லை. படத்தை ஃபோனில் அனுப்புகிறார்கள், பதில் வராவிட்டால் விளங்கிக்கொள்கிறார்கள். சித்தி கலியாணம் செய்யவில்லை. போன மாதம் இரண்டு நாள் லீவில் என்னிடம் வந்திருந்தார். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு நூதனசாலை என்றார்.

அந்த நடராசருக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் நின்றார். "எவ்வளவு வடிவு, என்ன? அண்டைக்கு நான் இதைப் பாக்கவே இல்லை" என்றார்.

பின்னேரம் காலி வீதியில் புதிதாக வந்திருக்கிற கடையொன்றுக்குப் போனோம். பலூடாவைப் பிளாஸ்ரிக் குவளையில்தான் தருகிறார்கள். சித்திக்கு வயதாகிவிட்டது, இனிப்புக் கூடாது, ஒன்றை எடுத்து இருவரும் பங்கிடுவோம் என்று நான் நினைத்தேன். ஒன்று என்று விரலைக் காட்டினேன். சித்தி என் கையைப் பிடித்து இறக்கினார்.

"எனக்குத் தனியாச் சொல்லு பிள்ளை" என்றார். "ரோல்ஸ் இருக்கோ எண்டும் கேள்."