சிவப்பில் நின்ற முள்

எனக்கு முன்கோபம் அதிகம். ரேடியோ ரிப்பேர்க்காரனுக்கு அது ஆகாது என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்லியும் நான் திருந்தவில்லை. ரேடியோ பாடவில்லை என்றால் அதன் மண்டையில் நாலு போடு போட்டுவிட்டு, அப்புறம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கடை புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், மணமேல்குடிப் பக்கம் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸ் முதலாளி ஆள் அனுப்பினார். முந்தின நாள் முதல் ஆட்டத்தில், பாதிப் படத்தில் சத்தம் அடங்கிவிட்டதாம். தரை டிக்கெட் கூட்டம் மணலை வாரி இறைத்து, திரையைக் கிழித்து, டிக்கெட் கிழிப்பவரின் காதையும் கடித்து வைத்திருந்தது. கடித்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

வால்வு டெஸ்டரோடு பஸ் ஏறினேன். அப்போது ரேடியோவானாலும் கொட்டகை ஆம்ப்ளிஃபயரானாலும் எல்லாம் கண்ணாடி வால்வில்தான் ஓடும். அந்த வால்வுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற பெட்டி இது. திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தேன். வால்வைச் செருகினால் முள் எழுந்து பச்சைக்குப் போகும். செத்த வால்வு என்றால் சிவப்பிலேயே கிடக்கும். கண்டக்டர் அதை மடியில் வைத்துக்கொள்ள விடவில்லை. சண்டை போட்டதில் சட்டைப் பொத்தான் போனதுதான் மிச்சம். பெட்டி வழியெல்லாம் பஸ் கூரையில் குதித்துக்கொண்டே வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். முதலாளி கிழிந்த திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படம் ஓட்டுகிற ஆபரேட்டர் பக்கத்தில் நின்றான். முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். அவனை எனக்குத் தெரியும். வால்வோ வயரோ வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வருவான். எஞ்சினை ஓட்டச் சொல்லிக் கரண்ட் எடுத்து, ஆம்ப்ளிஃபயர் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். முதல் வால்வு சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மாற்றிப் போடக் கொட்டகையில் வாங்கி வைத்திருந்த புது வால்வுகளைச் செருகினேன். அவையும் சிவப்பு.

இந்தப் பெட்டியைச் செய்தவன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. நம்பரை மட்டும் போட்டுத் தொலைத்திருக்கலாம். பச்சையும் சிவப்பும் தெரிய என்ன படிப்பு வேண்டும்? முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புதுசுமா செத்துப்போச்சு?" என்றார்.

"பொறுங்க மொதலாளி, இன்னும் பாக்கணும்" என்றேன்.

அவர் பொறுக்கவில்லை. ஆபரேட்டரின் முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார். "நல்லதையெல்லாம் வித்துப்புட்டுச் செத்ததைக் கொண்டாந்து வச்சிருக்கியாடா?" அவரோடு இருந்த தடியர்கள் இரண்டு பேர் அவனைக் கொட்டகைக் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். எஞ்சினின் பழைய பெல்ட் ஒன்று கிடந்தது. முதலாளி அதை எடுத்தார். முதல் அடியிலேயே அவன் முதுகுத் தோல் பிய்ந்தது.

என் பையில் பஞ்சு சுற்றிய வால்வு ஒன்று எப்போதும் இருக்கும். முந்தின நாள் கடையில் பச்சை காட்டிய வால்வு அது. அதைச் செருகினேன். முள் சிவப்பை விட்டு அசையவில்லை. கோளாறு வால்வில் இல்லை, என் பெட்டியில்தான்.

"அடிக்காதீங்க, என் மிஷின்தான் தப்பாக் காட்டுது" என்று கத்தினேன்.

முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருகிட்டடா வித்த?" என்று கேட்டு அடித்தார். "விக்கலைங்க மொதலாளி" என்றான். மறுபடி அடி. மறுபடி அதே கேள்வி. மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் வாய்க்குள் போனது. கடைசியில் அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "இந்த அண்ணன்கிட்டத்தான்" என்றான்.

முதலாளி வந்து கன்னத்தில் விட்ட அறையில் என் உதடு கிழிந்தது. நான் சும்மா இருக்கிறவனா? ஸ்குரூ டிரைவரை அவர் தொடையில் செருகினேன். தடியர்கள் என்னை மணலில் போட்டு மிதித்தார்கள். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு முதலாளியைவிட அந்த ஆபரேட்டர் மேல்தான் கொலைவெறி.

"மிஷினைச் சரி பண்ணிக் காட்டறேன். அதுக்கப்புறம் என்னைக் கொல்லுங்க" என்றேன்.

முதலாளி துண்டால் தொடையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். மூடியைக் கழற்றிக் கம்பி கம்பியாக இழுத்துப் பார்த்தேன். ஒரு ரெசிஸ்டன்ஸின் கால் பஸ் குலுக்கலில் ஈயத்தை விட்டுவிட்டது. கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலவே தெரிந்தது, தொட்டால் ஆடியது. பற்றவைக்கிற இரும்பைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். தடியன் ஒருவன் பிடரியைப் பிடித்து வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போனான். கரி அடுப்பில் இரும்பு காய்கிறவரை உள்ளே பெல்ட் விழுகிற சத்தம் கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஈயத்தை வைத்தேன். என் வால்வைச் செருகினேன். முள் எழுந்து பச்சையில் நின்றது. புது வால்வுகள் அத்தனையும் பச்சை. பழையதில் ஒன்று மட்டும் நிஜமாகவே ஆயுள் முடிந்து போயிருந்தது. சத்தத்தை விழுங்கியது அதுதான். ஒரு வால்வும் திருட்டுப் போகவில்லை, எல்லாம் கொட்டகையிலேயே இருந்தன.

முதலாளி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை அவிழ்க்கச் சொல்வார், ஒரு வார்த்தையாவது மன்னிப்பாகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நொண்டிக்கொண்டே ஆபரேட்டரிடம் போய் அவன் விலாவில் உதைத்தார்.

"விக்கலைன்னா வித்தேன்னு எதுக்குடா சொன்ன? உன்னால அந்த மனுசனையும்ல அடிச்சுப்புட்டேன். பொய் சொல்ற நாயே."

மறுபடி பெல்ட்டை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். மணலில் மிதிபட்டபோது இருந்த கோபத்தில் பாதிகூட அப்போது என்னிடம் இல்லை. அழுகைதான் வந்தது.

ஆபரேட்டர் வீங்கிய ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"இப்ப என்ன சொல்லணும் மொதலாளி?" என்றான். "சொல்லுங்க, அதையே சொல்லிடுறேன்."

அதில் குத்தல் ஏதும் இல்லை. பதில் வேண்டித்தான் கேட்டான்.